திருகாணியை அழித்தவன்

"எல்லாம் போச்சுங்க! ஒரு வரிகூட மிச்சமில்லை. சுத்தியல்தான் அழிச்சிருக்கான். அவனே எழுதி வெச்சிருக்கான், பாருங்க."

உறுப்பினர் ஒருவரின் போனை வைத்துவிட்டு அட்மின் தன் கம்ப்யூட்டரில் 'திருகாணி'யைத் திறந்தார். வெள்ளைத் திரை. நடுவில் நாலு வரி.

'எனக்கும் அட்மினுக்கும் ஒத்துவரவில்லை. உழைப்பு என்னுடையது, பேர் மட்டும் அவருக்கு. அதனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அவருக்கு இது தெரியாது. இப்படிக்கு, சுத்தியல்.'

திருகாணி என்பது கம்ப்யூட்டர் பித்துப் பிடித்தவர்கள் கூடுகிற இணையதளம். பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் போட்டுப் பார்க்கிற ஐந்து பேர், அட்மின் வீட்டு மாடியறையில் ஆரம்பித்தது. இன்று நாற்பதாயிரம் பேர். எல்லாருக்கும் புனைபெயர்தான். 'உங்கள் நிஜப் பெயரை யாருக்கும் தர மாட்டோம்' என்று முதல் பக்கத்தில் அட்மினே எழுதியிருந்தார். அவர் மனைவிகூடக் கோபம் வந்தால் 'அட்மின் சார்' என்றுதான் கூப்பிடுவாள்.

சுத்தியல் அந்த ஐவரில் ஒருவன். பிரிண்டர் ரிப்பேர் கடைக்காரன். யாராவது எதையாவது தொலைத்துவிட்டு வந்து புலம்பினால், "பேக்கப் எடுத்தியா? எடுக்கலையா? அப்ப அழு" என்று மண்டையில் போடுவான். பெயர் அப்படி வந்ததுதான். அவனே வெவ்வேறு இடங்களில் பத்திரப்படுத்தியிருந்த பேக்கப்புகளும் இப்போது காலி.

போனில் வசவுகள் வந்து குவிந்தன. 'கூடவே இருந்து குழி பறிச்சுட்டான்.' 'கையை உடைச்சாத்தான் புத்தி வரும்.'

அட்மினின் பயம் வேறு.

முந்தாநாள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கதவுகளுக்கு எலக்ட்ரானிக் பூட்டு விற்கிற ஒரு கம்பெனியின் ஆட்கள். அந்தப் பூட்டு யாருடைய போனுக்கும் திறந்துகொள்ளும் என்று 'எறும்பு' என்ற உறுப்பினர் திருகாணியில் செய்தே காட்டியிருந்தார்.

"எறும்பு யாரு? நிஜப் பேரும் விலாசமும் வேணும். அவ்வளவுதான் சார்."

சத்தம் போடவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். கிளம்பும்போது ஒருவர், வாசலில் கிடந்த மகளின் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பாப்பா நாலரை மணி பஸ்லதானே வருது? கூட்டமா இருக்குமே. பார்த்து வரச் சொல்லுங்க. வியாழக்கிழமை மத்தியானம் வர்றோம்."

இன்று வியாழக்கிழமை.

அட்மின் சட்டையை மாட்டிக்கொண்டு பிரிண்டர் கடைக்கு ஓடினார். சுத்தியல் ஒரு பிரிண்டரின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே. ஸ்டூல்ல மை இருக்கு, பார்த்து உக்காருங்க."

"துரோகி! உக்கார வரலைடா நான். இன்னிக்கு ரெண்டு பேர் வர்றாங்க. அவங்க யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். நேத்து அண்ணி சொன்னாங்க."

"தெரிஞ்சுமா அழிச்சே? பயந்துபோய் நான்தான் அழிச்சேன்னு நினைப்பாங்கடா! என் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

சுத்தியல் ஒரு சின்னச் சக்கரத்தை வெளியே எடுத்து ஊதினான்.

"நான் என்ன, எறும்பைக் காட்டிக்கொடுத்துடவா போறேன்? உயிரே போனாலும் மாட்டேன். நயமாப் பேசி அனுப்பியிருப்பேன். இப்ப எல்லாத்தையும் கெடுத்துட்டியே!"

"நேத்து நீங்க எறும்போட பேரைப் போட்டு மூணு தடவை தேடினீங்கண்ணே."

அட்மின் பார்வையைப் பிரிண்டர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தளத்துல யார் எதைத் தேடினாலும் எனக்குப் பதிவாகும். அந்த வேலையை எனக்குக் கொடுத்ததே நீங்கதான். மூணு தடவையும் விலாசத்தைத் திறக்காம மூடிட்டீங்க. நாலாவது தடவை திறந்துடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

"அவ்வளவு கேவலமானவனாடா நான்?"

"கேவலமெல்லாம் இல்லண்ணே. எனக்கு ஒரு பொண்ணு இருந்தா முதல் தடவையே திறந்திருப்பேன்."

கடைக்கு வெளியே ஒரு கார் வேகம் குறைந்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அது போய்விட்டது.

அட்மினின் குரல் இறங்கிவிட்டது. "எறும்பை மட்டும் அழிச்சிருக்கலாமேடா. இத்தனை வருஷத்து எழுத்து..."

"ஒண்ணை மட்டும் அழிச்சா, மறைக்கிறோம்னு தெரிஞ்சிடும். மொத்தமா அழிச்சா, எவனோ ஒரு பைத்தியக்காரன் பண்ணினதுன்னு விட்டுடுவாங்க."

"அதுக்கு ஏன்டா நமக்குள்ள சண்டைன்னு எழுதினே?"

"கூட்டாளிங்க சண்டைன்னா எல்லாரும் உடனே நம்புவாங்கண்ணே."

அட்மினின் போன் அடித்தது. மனைவி.

"வந்தாங்களா?"

"வந்துட்டு இப்பத்தாங்க போறாங்க." அவள் கதவைத் தாழ்போடும் சத்தம் கேட்டது. "நல்லவேளை, பொண்ணை நான் இன்னிக்கு ஸ்கூலுக்கு அனுப்பவே இல்லை. உள்ளதான் இருக்கா. சுத்தியல் எழுதினதைப் படிச்சுட்டாங்களாம். உங்க மேல தப்பில்லைன்னு புரியுதாம். இனிமே நம்ம வீட்டுப் பக்கம் வர மாட்டாங்களாம்."

அட்மின் மையைப் பார்க்காமலே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"வேற ஒண்ணும் கேக்கலையே?"

"அவரோட கடை எங்க இருக்குன்னு கேட்டாங்க. வழி சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! ஏன்டி சொன்னே?"

மறுமுனையில் அவள் அழ ஆரம்பித்தாள்.

"நான் என்னங்க பண்ண? அவர்தான் காலைல போன் பண்ணி, 'அவங்க வந்தா என் கடையைக் காட்டிவிட்டுடுங்க அண்ணி, அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு சத்தியம் வாங்கிட்டாரு."