நாலு மணிக்குள்ள வித்தாகணும்

மணி ஒன்றாகியும் சோபா விலை போகவில்லை. லைல் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்று ஊர் முழுக்கக் கடைதான். அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் வருடத்தில் ஒரு சனிக்கிழமை, வீட்டுக்கு வீடு கார் நிறுத்தும் இடத்தில் மேஜை போட்டு, வேண்டாத சாமான்களை விற்பார்கள். வெளியூர்க்காரர்கள் கையில் வரைபடத்தோடு தெருத்தெருவாக அலைவார்கள்.

லைல் எதிலும் குறை வைக்கவில்லை. சாமானுக்குச் சாமான் மஞ்சள் ஸ்டிக்கர், தெருமுனையில் அம்புக்குறி போட்ட அட்டை, வருகிறவர்களுக்கு இலவச லெமனேட். எதிர்வீட்டு அம்மாள் தன் மேஜையிலிருந்து கையசைத்தாள். இவரும் அசைத்தார். யார் அசைத்தாலும் பதிலுக்கு அசைப்பது அந்த ஊர் வழக்கம்.

"இவ்வளவு நல்ல சோபாவை ஏன் விக்கிறீங்க?" என்றார் அதை அமுக்கிப் பார்த்த ஒரு பெரியவர்.

"எல்லாரும் ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருக்காங்க. நாலு மணிக்கு வந்துடுவாங்க. அதுக்குள்ள வித்தாகணும்."

பெரியவர் கண்ணடித்தார். "வீட்டம்மாவுக்குத் தெரியாமலா? வந்து பாத்தா உங்களைக் கொன்னே போட்டுடுவாங்க."

"அப்ப நான் இங்க இருந்தாத்தானே?"

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த சிரிப்பில் பேரம் பேச மறந்து, சோபாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்து வந்த பெண் டிவியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "ரிமோட் எங்கே?"

லைல் உள்ளே போய் ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து பார்த்தார். சமையலறையைக்கூட விடவில்லை. வெறுங்கையோடு திரும்பினார்.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்," என்றாள் அவள். "சொந்த வீட்டுல ஒரு சாமான் எங்க இருக்குன்னு தெரியாது." ரிமோட் இல்லாததற்காக லைல் ஐந்து டாலர் குறைத்துக் கொடுத்தார்.

மூன்று மணிக்குத்தான் அந்தக் கொடுமை நடந்தது. ஊதாத் தொப்பி போட்ட ஒரு பெண்மணி, மேஜையிலிருந்த கோழி வடிவ உப்புக் குடுவையை எடுத்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் போட்டாள். அதன் விலையே அரை டாலர்தான்.

லைலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாய்ந்து போய் வழியை மறித்தார்.

"ஏம்மா, பாத்தா பெரிய மனுஷி மாதிரி இருக்கீங்க. ஒருத்தர் ஆசைப்பட்டு வாங்கி வச்ச பொருளை இப்படி எடுக்கலாமா? ராத்திரி தூக்கம் வருமா உங்களுக்கு?"

அவள் முகம் தொப்பியின் நிறத்துக்கு மாறியது. சத்தம் கேட்டு, கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த இளம் போலீஸ்காரர் ஓடி வந்தார். நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"திருட்டு சின்னதா இருந்தாலும் திருட்டுதான் சார். உங்க பேரும் இந்த வீட்டு விலாசமும் சொல்லுங்க, புகார் எழுதிடறேன்."

லைல் அந்தப் பெண்மணியைப் பார்த்தார். அவள் கண் கலங்கி நின்றாள். அவருக்கு மனசு இளகிவிட்டது.

"விடுங்க தம்பி. பாவம், ஏதோ சபலம். அம்மா, அதை நீங்களே வச்சுக்கோங்க, காசு வேண்டாம். ஆனா இனிமே இப்படிச் செய்யாதீங்க."

அவள் குடுவையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேவிட்டாள். போலீஸ்காரர் நோட்டை மூடினார். "உங்களை மாதிரி நாலு பேரு இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது சார்," என்றவர், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குளிர்சாதனப் பெட்டியை ஒரு வாடிக்கையாளரின் வண்டியில் ஏற்றவும் ஒரு கை கொடுத்தார்.

மூன்றரை மணிக்கு மேஜையும் விற்றுப் போயிற்று. லைல் சிந்திய லெமனேடைத் துடைத்தார். வீட்டைப் பூட்டினார். எதிர்வீட்டு அம்மாளுக்குக் கடைசியாக ஒரு முறை கையசைத்தார். சாவியைக் காலையில் எடுத்த பூந்தொட்டிக்கு அடியிலேயே வைத்தார்.

இத்தனை நல்ல சாமான்களைச் சேர்த்து வைத்தவர் பெயரையாவது தெரிந்துகொள்ளலாமே என்று, போகிற போக்கில் வாசல் தபால் பெட்டியில் எழுதியிருந்ததைக் குனிந்து படித்தார்.