மாதப்பன் தொண்டை

மாதப்பன் வாயை ஒருநாள் தைத்துவிட வேண்டும் என்றிருந்தது முனிவேலுக்கு.

மாமனார் நாராயணப்பனோடு குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தைக்குள் கால் வைத்தாலே போதும், போட்டித் தரகன் மாதப்பன் ஆரம்பித்துவிடுவான். எவன் இங்கே முளைக்குச்சி அடித்தது, கொம்பொடிந்த செவலையை ஏன் நடுவழியில் கட்டினாய் என்று தமிழில் ஒருதரம், கன்னடத்தில் ஒருதரம் ஊரைக் கூட்டுவான். சந்தையே திரும்பிப் பார்க்கும்.

பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் முனிவேலின் கவலை.

அறுபத்தேழு எலெக்‌ஷனிலேயே மாமாவுக்கு ஓட்டுச்சீட்டில் சின்னம் மங்கிவிட்டது. இப்போது வெளிச்சமும் நிழலும்தான். சேலத்து டாக்டர் கையை விரித்துவிட்டார்.

பல்லைத் தடவி மாட்டின் வயசு சொல்லவும், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசவும் மாமாவுக்குக் கண் தேவையில்லை. ஆனால் விஷயம் வெளியே தெரிந்தால் எவன் அவரை நம்பி மாட்டை விடுவான்? சந்தை இல்லையென்றால் மனுஷன் படுத்த படுக்கையாகிவிடுவார். அதனால்தான் மருமகன் வழியை முணுமுணுத்துக்கொண்டே கூட நடந்தான்.

அன்று ஒரு காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, கூட்டம் சிதறி இருவரையும் பிரித்துவிட்டது. பதறியடித்துத் தேடி ஓடினான் முனிவேல்.

மாமா தன்னந்தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து, நிதானமாக.

"யாருய்யா வழியில வைக்கோலப் போட்டது?" என்றது ஒரு குரல்.

"இடது பக்கம் நுகத்தடி நீட்டிக்கிட்டிருக்குது," என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள் மோர் விற்கும் நாகம்மா.

அப்புறம் மாதப்பனின் கத்தல். குரலுக்குக் குரல் பிடித்து வந்தார் மாமா. அவர் பெயரை ஒருத்தரும் சொல்லவில்லை, கையைத் தொடவுமில்லை.

முனிவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. மாதப்பனைத் தனியே இழுத்துப் போனான்.

"எப்பருந்துண்ணா தெரியும்?"

"உனக்குத் தெரியறதுக்கு முன்னாடியே. அவரு காதுல போட்டுராதப்பா, ரோசக்காரரு." கரகரத்த குரலில் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வீடு திரும்பும் வண்டியில் மாமா மெல்லச் சொன்னார்.

"மாப்ளே, அடுத்த சந்தைக்குக் கொஞ்சம் சித்தரத்தை வாங்கியாந்து மாதப்பனுக்குக் குடு. எனக்காகக் கத்திக் கத்தியே அவன் தொண்டை போச்சு. எதுக்குன்னு கேட்டா, பனிக்காலம்னு சொல்லிரு."