வெள்ளைக் கத்தி

அன்று காலை அந்த உணவகத்தின் சமையலறையில் இருந்தவர்கள்: பெரிய மாஸ்டர், காய் நறுக்கும் அக்கா, பாத்திரம் கழுவும் பெரியவர், முதலாளியம்மா. மேடை மேல், முனை உடைந்த ஒரு வெள்ளைக் கத்தி. அக்காவின் இடது கட்டைவிரலில் புதுக் கட்டு.

எல்லோரும் அந்தக் கட்டைத்தான் பார்த்தார்கள்.

"இது கிழங்கு தோல் சீவுறப்ப பட்டதும்மா" என்றார் அக்கா. யாரும் கேட்கவில்லை.

அது பீங்கான் கத்தி. அக்காவின் மணிக்கட்டு வலிக்காக முதலாளியம்மா போன மாதம் வாங்கியது. "கனமே தெரியாது. இரும்பு ஒரு துளி இல்ல, துருவே பிடிக்காது. ஆனா எலும்புல போடாதீங்க, உறைஞ்ச கறியில வைக்காதீங்க, கீழ விட்டுடாதீங்க" என்று கடைக்காரர் சொன்னதை அன்றே எல்லோருக்கும் ஒப்பித்திருந்தார்.

"பீங்கான்ல டீ குடிக்கலாம். வேற என்ன பண்ண?" என்று மாஸ்டர் அப்போதே சிரித்தார். முப்பது வருடம் எஃகு பிடித்த கை. அதைத் தொடக்கூட மாட்டேன் என்றார்.

இப்போது அரை நகம் அளவு முனையைக் காணோம். பதினொன்றரைக்குச் சாப்பிட ஆட்கள் வந்துவிடுவார்கள். அது யார் தொண்டையில் போய் நிற்குமோ.

"யாரு உடைச்சது?" என்றார் முதலாளியம்மா.

பெரியவர் முந்திக்கொண்டார். "நான் கத்தி கழுவுறதே இல்லம்மா. அவங்கவங்க கத்திய அவங்கவங்கதான் கழுவணும்."

"இன்னிக்கு மட்டும் காது நல்லா கேக்குது பாருங்க" என்றார் மாஸ்டர்.

அக்கா ட்ராயரைக் காட்டினார். "நேத்து துணியில சுத்தி ட்ராயர்ல வெச்சிட்டுத்தான் போனேன். காலைல வந்து பாத்தா துணி ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம் கெடக்குது. அப்பவே முனை இல்லம்மா."

"கதை விடாதீங்கக்கா." மாஸ்டர் சுவரைக் காட்டினார். அங்கே காந்தப் பட்டையில் ஏழெட்டுக் கத்திகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. "நேத்து கடைசியா பூட்டிட்டுப் போனது நான். இதோ இங்கதான், மத்த கத்திங்களோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. முழுசா இருந்துச்சு. காலைல மொதல்ல வந்தது யாரு? இவங்கதானே?"

அக்கா வாயைத் திறந்தார்.

"நீங்க இப்ப பேசாதீங்க." முதலாளியம்மா மாஸ்டர் பக்கம் திரும்பினார். "நல்லா பாத்தீங்களா மாஸ்டர்?"

"என் பிள்ளைங்க மேல சத்தியமா. அவங்க நறுக்குன வெங்காயத்தை எல்லாம் கொட்டிடச் சொல்லுங்க. கோழி என் பொறுப்பு. நேத்தே நான் வெட்டி வெச்சது, அடுப்புல ஏத்தியாச்சு."

முதலாளியம்மா அடுப்பை ஒரு முறை பார்த்தார். பிறகு அக்காவிடம், "நீங்க வெளிய போங்க" என்றார்.

இந்த வேலையும் போனால் அந்த மணிக்கட்டை இனி எவனும் சேர்த்துக்கொள்ளமாட்டான். அக்கா அழவில்லை. ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கப் போனார்.

"அது இருக்கட்டும். மொதல்ல போங்க."

அக்கா வெளியேறினார். மாஸ்டர் மீசைக்குள் சிரித்தபடி கரண்டியை எடுத்தார். முதலாளியம்மா கதவைச் சாத்தினார், பூட்டினார், சாவியை இடுப்பில் செருகினார். திரும்பி வந்து கோழி அடுப்பை அணைத்தார்.

உடைந்த கத்தியை எடுத்துக் காந்தப் பட்டையில் வைத்து, கையை விட்டார். அது நேராக மேடையில் விழுந்து இரண்டு துண்டானது.

"நேத்து மட்டும் எப்படி மாஸ்டர் ஒட்டுச்சு?"