வயிற்று வார்

கல்மண்டபம் பகுதியிலுள்ள குதிரை லாயத்தில், தகரக் கூரையின் ஓட்டை வழியாகப் பிற்பகல் வெயில் ஒரு கோடாக இறங்குகிறது. அந்த வெளிச்சத்தில் குத்துக்காலிட்டு, சேணத்தை இறுக்கிப் பிடிக்கும் வயிற்று வாரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள் மதி. உப்புக்காற்று படக்கூடாதென்று மழைக்காலம் முழுக்க அதைப் பாலித்தீன் பையில் கட்டிவைத்திருந்தான் அவள் புருஷன் பீம்ராவ். உள்ளே புழுங்கிய தோலில் பச்சைப் பூஞ்சை. சோப்புத்துணிக்குப் பூஞ்சை போய்விட்டது. விளக்கெண்ணெய் தேய்த்து, பக்கிள் துளையருகே மடக்கிப் பார்க்கிறாள். தோல் வாய் பிளந்து பொடியாக உதிர்கிறது. தெருமுனையில் பேண்டு செட் முழங்கத் தொடங்க, மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கும் வெள்ளைக் குதிரை காதுகளை விறைக்கிறது.

“இன்னாமே, இன்னும் தொடச்சிகினே கீற? மாப்ள வந்துட்டாரு,” என்று பீம்ராவ் உள்ளே வருகிறான்.

“வாரு பூட்ச்சு. நீயே பாரு.”

அவன் வாங்கிப் பார்க்கிறான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “மேலால பாலிஷ் போடு. நாலு தெருதான, தாங்கும்.”

“போன தபா நீ குதிரமேலர்ந்து வுய்ந்தியே, அன்னிக்கும் இதான் சொன்ன.”

மடங்காத இடது முழங்காலை நீட்டியபடி அவன் உட்காருகிறான். வாரைத் தரையில் விரித்து, கறுப்பு பாலிஷ் டப்பாவின் மூடியைத் திருகுகிறான். பேண்டு சத்தம் லாயத்து வாசலுக்கே வந்துவிட்டது. மதி புல் அறுக்கும் கத்தியை எடுக்கிறாள். பிளந்த இடத்தில் வைத்து ஒரே இழுப்பு. இரண்டு துண்டையும் அவன் மடியில் போடுகிறாள்.

“இப்போ போடு பாலிஷு.”