கிராண்டுக்கு உதவாத பெண்

"முந்தானைய வாயிலேர்ந்து எடுத்துட்டுப் பேசும்மா" என்றார் வேதாசலம் வாத்தியார் அலுப்போடு.

சின்னம்மாள் எடுத்தாள். மகளோடு பொதட்டூர்பேட்டையிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"எட்டு வயசுங்க. காதுதான் கேக்காது. வாயசைப்பப் பாத்தே எல்லாம் புரிஞ்சிக்கும். மூணு பள்ளிக்கூடத்துல சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க."

"நான் மட்டும் எப்படிம்மா சேக்கறது? இன்ஸ்பெக்டர் கேள்வி கேப்பாரு. பதில் வரலேன்னா பள்ளிக்கூடத்துக்கு சர்க்கார் குடுக்கற கிராண்ட வெட்டிடுவாங்க. இன்னிக்கு அவர் வர்ற நாளு. கூட்டிகினு போயிடும்மா."

சின்னம்மாள் தலைகுனிந்து அழுதாள். மகள் பங்காரு நகரவில்லை. வாத்தியாருக்குப் பின்னால் இருந்த வாசலையே பார்த்தவள், சட்டென்று அவர் சட்டையை இழுத்துக் கையைக் காட்டினாள்.

திரும்பினார். வாசலில் இன்ஸ்பெக்டர்.

"மூணு தரம் கூப்பிட்டேன். அப்படி என்ன யோசனை?"

வாத்தியாருக்குக் காது கேட்காமல் போய் இரண்டு வருஷமாகிறது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று, எதிரில் பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்தே சமாளித்துக்கொண்டிருந்தார்.

"பாடத்தப் பத்திங்க..."

"இந்தப் பெண் யார்?"

வாத்தியார் பங்காருவை ஒரு கணம் பார்த்தார்.

"புதுசா சேந்திருக்குதுங்க" என்றவர், அவள் பக்கம் திரும்பி, சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

பங்காரு போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.