படகில் வந்த சந்தேகங்கள்

“பேசும்மா. படகு கெளம்பி அஞ்சு நிமிஷம் ஆவுது. ஜனங்க உன் மூஞ்சியவே பாத்துகினு கீறாங்க” என்று பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார் படகோட்டி சவுரிமுத்து.

ஏஞ்சல் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். வார்த்தை வரவில்லை.

கோவளம் பக்கம், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் இருந்த அந்தச் சின்ன அருங்காட்சியகத்துக்கு ஒரே ஒரு வழிகாட்டி தேவை. கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். காலைப் படகில் ஒருவர் பேசி முடித்துவிட்டார். மதியப் படகு ஏஞ்சலுக்கு; சவுரிமுத்துவின் முறையும் மதியம்தான். பயணிகள் சீட்டில் எழுதித் தரும் மார்க்தான் தீர்ப்பு. வரலாறு படித்துவிட்டு, மூன்று வருடமாகத் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள் அவள். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை என்று கண்ணில் பட்டது இது ஒன்றுதான்.

பத்து நாளாகத் தயார் செய்த பேச்சு, பத்து முகங்களைச் சேர்ந்தாற்போல் பார்த்ததும் எங்கோ போய்விட்டது.

“ஏம்மா, எனக்கு ஒரு சந்தேகம்.”

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த கீழ்க்கட்டளை சுந்தரவல்லி கேட்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பருத்திப் புடவைக்கு மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் பொருந்தாமல் துருத்திக்கொண்டிருந்தது.

“இந்தக் கால்வாயை வெள்ளைக்காரன் வெட்டினான்னு சொல்றாங்களே, அவனேவா மண்வெட்டி பிடிச்சான்?”

படகு சிரித்தது. ஏஞ்சலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“இல்லம்மா, மண்வெட்டி பிடிச்சது நம்ம ஜனங்கதான். தாது வருஷப் பஞ்சத்துல கஞ்சிக்கு வழியில்லாம பட்டணத்துக்கு வந்தவங்களுக்குக் கூலி கொடுத்து, இதுல ஒரு பகுதியை வெட்ட வச்சாங்க. அடையாறையும் கூவத்தையும் சேர்த்தது அவங்க கைதான்.”

சொல்லி முடித்தபோது மைக் கனக்கவில்லை.

“சரி, அப்ப மோட்டார் கிடையாதே. காத்து அடிக்கலேன்னா படகு அங்கேயே நிக்குமா?”

“இன்னா மேடம், டிக்கெட்டு காசுக்கு மேலயே கேக்குறீங்க” என்றார் சவுரிமுத்து.

“நிக்காதும்மா” என்றாள் ஏஞ்சல். “படகுல கயிறு கட்டி, ஆளுங்க கரையில நடந்துகிட்டே இழுப்பாங்க. வெயில், மழை எதுக்கும் நிறுத்த மாட்டாங்க. மரக்காணத்துலேர்ந்து அரிசி மூட்டை எல்லாம் இப்படித்தான் பட்டணத்துக்கு வந்துது.”

“மரக்காணம்னா எனக்கு உப்பளம்தான் ஞாபகத்துக்கு வருது. நான்தான் குழப்பிக்கறேனோ என்னவோ.”

ஏஞ்சல் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “இல்லம்மா, நீங்க சொல்றதுதான் சரி. அங்கேர்ந்து வந்தது உப்பு. நான் மாத்திச் சொல்லிட்டேன்.”

பின் வரிசையில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த அனிருத் என்ற இளைஞனுக்குப் பொறுமை போய்விட்டது. “ஆன்ட்டி, அவங்களைக் கொஞ்சம் பேச விடுங்களேன். நாங்களும் டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்கோம்.”

“வயசாச்சுப்பா. சந்தேகம் வந்தா தொண்டையிலேயே நிக்குது” என்றார் சுந்தரவல்லி. கொஞ்சமும் கோபப்படவில்லை. ஏஞ்சலைப் பார்த்து, “கடைசியா ஒண்ணு. கடல் தண்ணி இறங்கிப் போச்சுன்னா படகு தரை தட்டிடாதா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல் ஏஞ்சல் எழுந்து நின்றாள். மதகுக் கதவுகளை மூடித் தண்ணீரைத் தேக்கியதை, கதவு திறக்கும்வரை படகுகள் வரிசையில் காத்திருந்ததை, அந்த நேரத்தில் படகிலேயே உலை வைத்துச் சோறு பொங்கியதைச் சொல்லிக்கொண்டே போனாள். அனிருத் போனைக் கரையிலிருந்து அவள் பக்கம் திருப்பினான்.

கரை சேர்ந்து அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தபோது அவளுக்கு யாருடைய கேள்வியும் தேவைப்படவில்லை. பழைய மதகின் மரச்சட்டத்தின் முன் நின்று அவள் பேச, ஒரு குழந்தை அதைத் தொட்டுப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தது. சுந்தரவல்லி எல்லோருக்கும் பின்னால் சுவரோரமாக, வாயே திறக்காமல் நின்றிருந்தார். சீட்டை முதலில் எழுதிப் பெட்டியில் போட்டவரும் அவர்தான்.

அரை மணி நேரத்தில் மேலாளர் ஸ்ரீநிவாசராகவன் ஏஞ்சலை அறைக்குள் கூப்பிட்டார்.

“திங்கட்கிழமை வந்து சேர்ந்துடும்மா. காலையில பேசினவங்களும் அருமையாப் பேசினாங்க. ரெண்டே மார்க்தான் வித்தியாசம். இப்ப அவங்களுக்குப் போன் பண்ணி இல்லேன்னு சொல்லணும். அதுதான் எனக்குக் கஷ்டம்.”

ஏஞ்சல் மனதுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு வெளியே ஓடினாள். தாம்பரம் பஸ்ஸுக்காகச் சுந்தரவல்லி நிழலில் நின்றுகொண்டிருந்தார்.

“அம்மா, வேலை கிடைச்சிடுச்சு. நீங்க மட்டும் கேக்கலேன்னா எனக்கு வார்த்தையே வந்திருக்காது. கடவுள்தான் உங்களை அந்தப் படகுல ஏத்தி விட்டார்.”

“நான் டிக்கெட் வாங்கித்தானே ஏறினேன்” என்று சிரித்தார் சுந்தரவல்லி. அவள் தலையில் கை வைத்து, “நல்லா இரும்மா. முதல் வரியைச் சொல்லிட்டா போதும், மிச்சம் தானா வரும். பயப்படாதே” என்றார்.

அவருடைய கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். எதிர்முனையில் தயங்கித் தயங்கிப் பேசிய குரல் ஏஞ்சலுக்கும் கேட்டது. ஸ்ரீநிவாசராகவனின் குரல்.

“ஆமா சார், சுந்தரவல்லிதான்... பரவாயில்ல சார், காலைப் படகுல என்னையும் பேச விட்டீங்களே, அதுவே பெரிசு. நல்ல பொண்ணைத்தான் எடுத்திருக்கீங்க. வேற எங்கயாவது வழிகாட்டி வேலை காலியிருந்தா மட்டும் எனக்குச் சொல்லுங்க சார்.”