நீலவேணிக்குக் காய்ச்சல்

அவள் இன்னும் பெயர் வைக்கவில்லை.

கதை பத்துப் பக்கம் ஓடி முடிந்துவிட்டது. அதில் வரும் பெண் குழந்தைக்கு ஏழு வயது. முன்பல் விழுந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று பாடுகிறது. ஒன்பதாம் பக்கத்தில் காய்ச்சல் வருகிறது. பத்தாம் பக்கத்தில் இறந்துபோகிறது.

எல்லா இடத்திலும் 'பாப்பா' என்றே அடித்து வைத்திருந்தாள். அவள் வழக்கம் அது. கதை முடிந்த பிறகுதான் பெயர். கணினியில் ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாப் பாப்பாவும் ஒரே நொடியில் மாறிவிடும்.

தீபாவளி மலருக்கு இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

அமுதா என்று போட்டுப் பார்த்தாள். மாடி வீட்டில் ஓர் அமுதா இருக்கிறாள். வேண்டாம். ரஞ்சனி. அது அவள் அண்ணன் மகள். ஓடியாடித் திரிகிற பிள்ளையின் பெயரைச் சாகப்போகிற பிள்ளைக்கு எப்படி வைப்பது?

காலையில் கோகிலா போன் செய்திருந்தாள். கணவரின் தம்பி மனைவி. மூத்தது பையன். இப்போது பெண் பிறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்கிறார்கள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் பேர எங்களுக்குக் குடுத்தர்றீங்களா?"

எந்தப் பெயர் என்று அவள் கேட்கவில்லை. சாயங்காலம் சொல்கிறேன் என்றாள். கணவரிடம் சொன்னதற்கு, உன் இஷ்டம் என்று பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

நீலவேணி.

கல்யாணமான புதிதில், பவானிக்குப் போகிற பஸ்ஸில் அவர் சொன்ன பெயர். பெண் பிறந்தால் இதுதான் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்தார். பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான். அதற்குப் பிறகு குடும்பத்தில் நான்கு பெண்கள் பிறந்தார்கள். ஒருவரும் அந்தப் பெயரைத் தொடவில்லை.

பதினான்கு வருடம். கோயம்புத்தூரில் மூன்று ஆஸ்பத்திரி. போன சித்திரையோடு அவளுக்கு மாதவிலக்கும் நின்றுவிட்டது.

கோகிலா கேட்டதில் தப்பில்லை. சும்மா கிடக்கிற பெயர்தானே. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

நீலவேணி என்று அடித்தாள். பொத்தானை அமுக்கினாள்.

அறுபத்திரண்டு இடங்களில் மாற்றியாயிற்று என்றது கணினி.

இனி யாரும் அதைக் கேட்க முடியாது. செத்துப்போகிற பிள்ளைக்கு வைத்துவிட்டேன் என்று சாயங்காலம் சொன்னால் போதும். கதையென்றாலும் மாமியார் அந்தப் பெயரைத் தொட்டில் பக்கம் விடமாட்டார்.

கெட்ட புத்திதான். தெரிந்தேதான் செய்தாள். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

நாலரை மணிக்குக் கணவர் வந்தார். அச்செடுத்த தாள்களைக் கொடுத்தாள். எந்தக் கதையானாலும் முதலில் படிப்பவர் அவர். தமிழாசிரியர். பென்சிலும் கையுமாக உட்கார்ந்து ஒற்றுப்பிழை பார்ப்பார்.

முதல் பக்கத்திலேயே பென்சில் நின்றுவிட்டது.

பிறகு அவர் எதையும் திருத்தவில்லை. தொட்டி மேல் பாடுகிற இடத்தில் சிரித்தார். பல் விழுந்த இடத்தை இரண்டு முறை படித்தார்.

பிள்ளை இல்லாததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. யாராவது கேட்டால், அதுக்கென்னங்க என்று பேச்சை மாற்றிவிடுவார். அவருக்கு அது பெரிய குறையில்லை என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

பத்தாம் பக்கத்தைப் பாதியில் கீழே வைத்தார்.

"நம்ம புள்ளைய நீயே கொன்னுட்டியே" என்றார்.

இத்தனை வருடமும் அவருக்கு ஒரு பெண் இருந்திருக்கிறாள்.

ஓடிப்போய்க் கணினி முன் உட்கார்ந்தாள். பத்தாம் பக்கம் முழுவதையும் அழித்தாள். பிள்ளை சாகவே வேண்டாம். அவரும் எழுந்து வந்து பின்னால் நின்றார்.

'விடியும்போது நீலவேணிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது' என்று எழுதினாள்.

'கண் விழித்தாள்' என்று எழுதினாள்.

அதற்கு மேல் வரவில்லை.

காய்ச்சல் விட்ட பிள்ளை முதலில் என்ன கேட்கும்? தண்ணீரா? அழுமா? தூக்கச் சொல்லுமா? ஏழு வயதுப் பிள்ளை எவ்வளவு கனம் இருக்கும்?

விழுந்த பல்லும் பாட்டும் தெருவில் யார் வீட்டுப் பிள்ளையையோ பார்த்து எழுதியவை. விடிகாலையில் பிள்ளை எழுந்திருக்கிற வீட்டுக்குள் அவள் இருந்ததே இல்லை.

அவரைத் திரும்பிப் பார்த்தாள். இருபது வருடமாகப் பிள்ளைகளோடு இருப்பவர்.

அவர் யோசித்தார். காய்ச்சல் என்றால் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை. எல்லாம் சரியான பிறகு லீவு லெட்டரோடு வருகிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

"தெரியலையே" என்றார்.

இருவரும் அந்த வரியையே பார்த்தார்கள். அதில் நீலவேணி கண் விழித்தபடி கிடந்தாள்.

பிறகு அவர் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார்.

"அந்தப் பேர நீங்களே வெச்சுக்குங்க."

அந்தப் பக்கம் சந்தோஷத்தில் ஒரே சத்தம். அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"நல்லா வளத்துங்க சாமி" என்றார்.